சேரக்கா போட்ட நாற்காலிகள்

ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார் சேரக்கா. அப்புறம் நிமிர்த்தி, தொப்பென்று அதில் உட்கார்ந்து, இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு. கிரீச்சென்று சத்தம் வந்தால் போச்சு. "ஏற்கெனவே இடுப்பு ஒடிஞ்சவங்கதான் வந்து உக்காருவாங்க. நீ வேற எதுக்கு? உள்ளயே கெட" என்று நாற்காலியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததை இழுப்பார். நாற்காலிக்கு ஏது முகம் என்று நான் ஒருமுறை கேட்டு வைத்தேன். அவர் அதன் சாய்மானத்தைத் தட்டிக் காட்டி, "இதான் முகம். மனுசங்க எல்லாம் இதுக்கு முதுகைத்தானே காட்டுறாங்க" என்றார்.

எங்கள் தெருவில் அவர்தான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்; சேர் விடுகிற அக்கா என்பதால் சேரக்கா. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மடக்கு மேசைகள், ஒரு பெரிய தேநீர்க் கொதிகலன், மழைக்கும் வெயிலுக்கும் ஒரு தார்ப்பாய், இவற்றையெல்லாம் ஏற்றிச் செல்ல ஒரு மூன்று சக்கர வண்டி. தொழில் அவருடைய கணவர் ஆரம்பித்தது. அந்த மனிதர் ஒரு நாள் ஒரு வேலையாகப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவரைப் பற்றி யாராவது பரிதாபமாக விசாரித்தால் அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும். "ஒரு ஆளு போனா எனக்கு ஒரு சேரு மிச்சம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

உயரம் அதிகமில்லை. ஆண்கள் அணிகிற முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருப்பார். அடுக்கிய நாற்காலிகளைத் தோளோடு அணைத்துத் தூக்கும்போது, பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு நாற்காலிக் கோபுரம் ஒன்று தானாக நடந்து போவதுபோல் இருக்கும். உதவிக்கு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஒத்தாசை செய்கிறேன் என்று வந்தவர்களெல்லாம் யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறார்களாம்.

தெருச் சங்கத்துக்குச் செல்பேசியில் ஒரு குழு உண்டு. காலை வணக்கமும் காணாமல் போன பூனையும் அதில் வரும். ஆனால் நிஜமான செய்தி எங்களுக்கு அக்காவின் வண்டி மூலமாகத்தான் வரும். வண்டி எந்த வீட்டு முன்னால் நிற்கிறது, நாற்காலிகள் எப்படி இறங்குகின்றன என்று சன்னல் வழியே பார்த்தாலே போதும். "வரிசையாப் போட்டா சிரிக்கணும், எதிரெதிராப் போட்டா அழணும். இவ்வளவுதான் நான் படிச்ச படிப்பு" என்பார். தான் வம்பு பேசுவதே இல்லை என்று சத்தியம் செய்வார். அதே மூச்சில், மாடி வீட்டு மருமகள் படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றும், அந்த வீட்டுக்குச் சீக்கிரமே வரிசை நாற்காலி வேண்டியிருக்கும் என்றும் சொல்வார். பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. எந்த நிகழ்ச்சியிலும் உட்காரமாட்டார். விளக்குக் கம்பத்தில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, தேநீர்க் குவளையோடு நின்றபடியே கடைசிவரை இருப்பார். எத்தனை பேர் கூப்பிட்டாலும், "விக்கிறவ திங்கக்கூடாதும்மா" என்று ஒரே பதில்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் உட்கார்ந்தார். அன்று நடந்ததைத்தான் இந்தத் தெரு இன்னமும் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

தெருமுனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் உரிமையாளரை நாங்கள் எல்லோரும் பேக்கரி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவனைத் திருப்பத்தில் வேகமாக வந்த ஒரு சரக்கு வேன் அடித்துப் போட்டது. ஓட்டி வந்தவன் வெளியாள் இல்லை. இதே தெருவில் பிறந்து வளர்ந்தவன். அன்று குடித்திருந்தான். தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். அக்காவின் நாற்காலிகள் பேக்கரி வாசலில் எதிரெதிராக இறங்கின. தெரு முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது. வேன்காரனின் தாயும் வந்து கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். யாரோ அவரை எழுந்து போகச் சொன்னார்கள். எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த அம்மாவோடு தெருவில் யாரும் பேசவில்லை.

ஆயத்த ஆடை ஆலையில் பொத்தான் தைக்கிற வேலை அவருக்கு. தலையைக் குனிந்தபடி போவார், குனிந்தபடி வருவார். ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்கு நடப்பார். மகன் சிறைக்குப் போய்த் திரும்பினான். திரும்பியவன் வெளியே தலை காட்டவில்லை. ஈரல் கெட்டு, படுக்கையில் விழுந்து, ஒரு காலையில் செத்துப்போனான்.

அவன் வீட்டு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து, வந்த மாதிரியே காலியாகத் திரும்பியதைத் தெரு பார்த்தது. கொஞ்ச நேரத்தில் சங்கத்தின் செயலாளர் குழுவில் ஒரு வரி எழுதினார். நம் பேக்கரி சகோதரரின் மனம் நோகாதபடி எல்லோரும் நடந்துகொள்வோம் என்று. யாருடைய சாவு என்று அதில் இல்லை, போகாதீர்கள் என்றும் இல்லை. எல்லோருக்கும் புரிந்தது. கதவுகள் சாத்திக்கொண்டன. திரைச்சீலைகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

அந்த அமைதியில்தான் வண்டிச் சத்தம் கேட்டது. என் வீடு அந்த அம்மாவின் வீட்டுக்கு நேர் எதிரே. அக்கா வண்டியை நிறுத்தி நாற்காலிகளை இறக்கத் தொடங்கினார். அந்த வீட்டு வாசலில் ஆரம்பித்து, தெருவின் இரண்டு ஓரங்களிலும் எதிரெதிராகப் போட்டுக்கொண்டே போனார். மறுபடி வண்டியோடு போய் இன்னும் கொண்டுவந்தார். வழக்கமாக எந்தச் சாவுக்கும் இவ்வளவு போட்டதில்லை. என் வாசலைத் தாண்டி, செயலாளர் வீட்டு வாசலையும் தாண்டி நாற்காலிகள் போயின. ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை, ஒருத்தரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

சத்தம் கேட்டு அந்த அம்மா கதவைத் திறந்தார். நீளமாகக் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, அழுத தொண்டையில், "யாருக்கும்மா இத்தனை?" என்றார்.

"வர்றவங்களுக்கு."

"யாரும் வரமாட்டாங்கம்மா. எடுத்துக்கிட்டுப் போயிடு."

"வரலைன்னா, வரலைங்கிறதை இந்தத் தெரு தன் கண்ணால பாக்கட்டும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, வாசலுக்கு மிக அருகில் கிடந்த நாற்காலியில் அந்த அம்மாவை உட்காரச் சொல்லி, அதற்கு அடுத்ததில் தானும் உட்கார்ந்தார். கால்களை அகட்டி, கைகளைத் தொடையில் ஊன்றி, இனி கிரேன் வைத்துத்தான் எழுப்ப முடியும் என்பதுபோல.

காலி நாற்காலிகளைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பது லேசான காரியமில்லை. மூடிய கதவைப் பார்க்காததுபோல் இருந்துவிடலாம். வாசல் வரை வந்து கிடக்கிற நாற்காலியை என்ன செய்வது?

முதலில் வந்தவர் செயலாளர். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாதவர். குரலைத் தாழ்த்தி, இது சரியில்லை என்றார். உணர்வுகளை மதிக்க வேண்டும் என்றார். கடைசியில், இது தெருவோட முடிவு என்றார்.

"தெருன்னா யாரு சார்? நானும் இங்கதான் இருக்கேன். எங்கிட்ட யாரும் கேக்கல."

"அவன் செஞ்சது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பச்சைப் பாவம். ஆனா இந்தச் சேரு அவனுக்கில்ல. செத்தவன் உக்காரமாட்டான் சார். பெத்தவதான் உக்காரணும், அவ பக்கத்துல நாலு பேரு உக்காரணும். அதுக்குத்தான் சேரு."

இனிமேல் சங்கத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் அவருடைய நாற்காலி வராது என்று செயலாளர் சொன்னார். "அப்ப நின்னுக்கிட்டே கொண்டாடுங்க" என்றார் அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

அதற்குள் பேக்கரி அண்ணன் வந்துவிட்டார். முன்கையில் மாவு காய்ந்து வெளுத்திருந்தது. அவரைக் கண்டதும் அக்கா எழுந்து நின்றார். செயலாளருக்கு எழாதவர் அவருக்கு எழுந்தார். அண்ணன் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தம்பிக்குப் போட்ட சேருதானக்கா இது?"

"அதேதாம்ப்பா."

"இவனுக்கும் அதேவா?"

அக்கா பக்கத்து நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருப்பா, உன்னை வந்து உக்காருன்னு நான் சொல்லல. எந்தக் காலத்துலயும் சொல்லமாட்டேன். உன் துக்கம் உன்னோடது. அதைத் தெருவே கையில எடுத்துக்கிட்டு இந்தம்மாவை அடிக்குது பாரு, அது வேண்டாங்கிறேன். அன்னிக்கு இந்தம்மா உனக்காக அழத்தான் வந்துச்சு. எழுப்பி விட்டுட்டாங்க. நான் கம்பத்துக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அண்ணன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. முன்கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "என் பேரைச் சொல்லி யாரையும் தடுக்காதீங்க சார்" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் திருப்பம் வரை கேட்டது.

அடுத்து ஒரு கதவு திறந்தது. செயலாளர் வீட்டுக் கதவு. அவர் மனைவி இறங்கி வந்தார். கணவரைக் கடந்துபோகும்போது அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த அந்த அம்மா, அந்தக் கை பட்டதும்தான் வாய்விட்டு அழுதார். பிறகு மாடி வீட்டு மருமகள் வந்தாள், தையல்காரர் வந்தார், சைக்கிள் பழுது பார்க்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் போய் உட்கார்ந்தபோது பாதி நாற்காலிகளில் ஆள் இருந்தது. மீதிப் பாதி கடைசிவரை காலியாகவே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமரர் ஊர்தி வந்து அவனை எடுத்துப் போகும்வரை, ஆள் வராத அந்த நாற்காலிகளில் ஒன்றைக்கூட அக்கா எடுக்கவில்லை.

செயலாளர் சொன்னதைச் செய்தார். அடுத்துவந்த சில விசேஷங்களுக்கு வெளியிலிருந்து நாற்காலிகள் வந்தன. பளபளவென்று துணி உறை போட்டு, முதுகில் முடிச்சுக் கட்டியவை. அக்கா தன் கொட்டகை வாசலில் நின்று, "கவுன் போட்ட சேரு வந்திருக்குடோய்" என்று தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார். வண்டி அசையாத நாட்களில் அவருக்குக் கஷ்டம் இருந்திருக்கும். நான் மெல்ல அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "சேரு என்ன பாலா, திரிஞ்சு போக?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களை ஆட்டத் தொடங்கினார். அந்த அம்மாவின் வீட்டுக் கதவும் பழையபடி சாத்தியே இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள், உண்மைதான். ஆனால் துக்கத்துக்குப் போவது வேறு, விருந்துக்கு அழைப்பது வேறு. ஒரு விசேஷத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

செயலாளரின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்தது. ஒரு காலையில் அவர் மனைவி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்தார். நான் அங்கே அக்காவின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, நாற்காலி இங்கிருந்துதான் என்றார். "தெருவுல எல்லாருக்கும் போட்டுருங்கக்கா."

"எல்லாருக்கும்னா?"

செயலாளரின் மனைவி குழந்தையின் காலுறையை இழுத்துச் சரிசெய்தபடியே, "எல்லாருக்கும்தான்" என்றார்.

பிறந்தநாள் மாலையில் செயலாளர் வீட்டு வாசலில் வரிசை வரிசையாக நாற்காலிகள். பலூன்கள், வண்ணக் காகிதங்கள். பேக்கரி அண்ணன் கேக்கைத் தானே இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார். அக்கா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், இரு என்று சொல்லவில்லை.

அவர் திருப்பத்தில் மறைந்த பிறகு, அக்கா மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து முதல் வரிசையின் நடுவில், செயலாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். தெருவைக் கடந்து அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே பேச்சு கொஞ்சம் நீண்டது. வெளியே வரும்போது அந்த அம்மாவின் மணிக்கட்டு அக்காவின் பிடியில் இருந்தது. ஆலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்க வேண்டும். தோளிலும் கையிலும் பொத்தான் தைத்த நூல்பிசிறுகள் ஒட்டியிருந்தன. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அக்கா நடுத்தெருவில் நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். அவசரமே இல்லாமல். பிறகு அழைத்துவந்து உட்கார வைத்தார்.

செயலாளர் எதையோ சொல்ல வாயெடுத்துப் பாதி எழுந்தார். அக்கா அந்த அம்மாவின் பின்னால் போய், நாற்காலியின் இரண்டு ஓரங்களையும் கைகளால் இறுகப் பிடித்து, முழங்கைகளை விறைத்துக்கொண்டு, செயலாளரை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார்.