பதினொரு மணிக்குப் பிறந்தவள்

அன்று ரப்பர் பால் ஸ்டோருக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. வெள்ளைக்காரத் துரை இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார். மரம் சீவிவிட்டுத் திரும்பிய ஆண்களும் பெண்களும் பால் வாளிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அப்பா. ஓர் ஓரமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களில் எட்டு வயதில் நான். வராதவர்கள் இரண்டே பேர். அம்மாவுக்கு விடியும் முன்பே இடுப்பு வலி எடுத்துவிட்டது. அப்பாவின் அக்காவான என் அத்தைதான் நாங்கள் குடியிருந்த லயத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் பார்ப்பவர். அவர் அம்மாவோடு இருந்துவிட்டார்.

எங்கள் தோட்டம் கோத்தா திங்கி போகும் சாலையில், ஆற்றை ஒட்டி இருந்தது. கிராணியேதான் எங்களுக்கு வாத்தியாரும். தினமும் பலகையில் தேதியை எழுதி, அதன் கீழே அந்தத் தேதியில் உலகத்தில் நடந்தது ஏதாவது ஒன்றை எழுதுவார். ஒரு ராஜா பிறந்திருப்பார், ஒரு கப்பல் முழுகியிருக்கும், ஒரு கோட்டை விழுந்திருக்கும்.

ஒருநாள் எழுந்து, "ஐயா, நான் பொறந்த அன்னிக்கி என்னாங்க நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"மொதல்ல நீ என்னிக்கிப் பொறந்தேன்னு வீட்டுல கேட்டுட்டு வா."

அம்மாவைக் கேட்டேன். "ஆறு லயத்துக்குள்ள வந்துச்சே, அதுக்கு மறுநாளு" என்றாள். அதைப் போய்ச் சொன்னதும் பள்ளிக்கூடமே சிரித்தது. "தவக்களையோட சேந்து வந்தியாடா?" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். தேதியோடு பிறப்பவர்கள் வேறு சாதி மனிதர்கள், நாங்கள் வேறு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதிக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே பாடம் நடந்தது. அந்தத் தேதியில் காலை பதினொரு மணிக்குத்தான் பெரிய சண்டை நின்றதாம். அதில் செத்தவர்களுக்காக இரண்டு நிமிடம் பேசாமல், அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தாலோ, வீட்டிலிருந்து சத்தம் வந்தாலோ அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது.

அன்று பதினொரு மணி ஆனதும் ஸ்டோர் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கிராணி ஒரு முறை அடித்தார். துரை தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். ஈக்கள் வாளிகளின் மேல் சுற்றின. அவற்றை விரட்டக்கூட ஒரு கை எழவில்லை.

அப்போது லயத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டங், டங் என்று வெண்கலத் தட்டின் சத்தம். முதலில் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு வேகம் பிடித்தது. பிறந்த பிள்ளை அழாவிட்டால் அதன் காதருகே தட்டை அடிப்பது எங்கள் வழக்கம். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும்.

அப்பாவின் பக்கத்தில் நின்றவர் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். "அண்ணே, ஒங்க வீட்டுலதான். போங்கண்ணே."

அப்பா போகவில்லை. அவர் கண் துரையின் காலணிகளில் இருந்தது. துரையின் காதுமடல்கள் சிவந்தன, ஆனால் குனிந்த தலை நிமிரவில்லை. தட்டு அடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. அதற்குப் பிறகும் நெடுநேரம் நாங்கள் அப்படியே நின்றதுபோல எனக்கு நினைவு. உண்மையில் அரை நிமிடம்கூட இருந்திராது.

தண்டவாளம் மறுபடி ஒலித்தது. துரை தொப்பியை மாட்டிக்கொண்டார். எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாக வரும்.

"யாரு தட்டு அடிச்சது?"

அப்பா வரிசையை விட்டு முன்னால் வந்தார். "எங்க வீட்டுலதாங்க தொரை."

"எதுக்கு?"

"புள்ள அழுவலீங்க."

"இப்ப அழுதாச்சா?"

"தெரியலீங்க."

"போ" என்றார் துரை.

அப்பா ஓடுவார் என்று நினைத்தேன். அவரோ வாளியைக் கொண்டுபோய்ப் பாலை அளந்து ஊற்றினார். வாளியை நெடுநேரம் கழுவினார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊர்வலத்தில் கடைசியாகப் போகிறவரைப் போல லயத்தை நோக்கி நடந்தார். கூலி போய்விடும் என்ற வருத்தத்தில் கால் வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நான் அவரைத் தாண்டி ஓடினேன்.

அத்தை குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. "ஒங்கப்பன் எங்கடா? தங்கச்சி பொறந்திருக்கான்னு போய்ச் சொல்லு. தொண்டையப் பாரு, அம்புட்டு அடிச்சப்பறம்தான் தொறந்தா."

திரும்பி ஓடினேன். அப்பா சாக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். மூன்றடிப் பாலம் அது.

"தங்கச்சிப்பா."

"அழுதாளா?"

"அழுதாப்பா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் அவ்வளவு நேரம் நின்றதால் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பிறந்த தேதி உள்ளவள் தங்கச்சி ஒருத்திதான். வருஷாவருஷம் தோட்டம் முழுதும் பேச்சுமூச்சில்லாமல் நிற்பதும் துரை தொப்பியைக் கழற்றுவதும் தனக்காகத்தான் என்று ஆறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் திருத்தவில்லை. அந்த இரண்டு நிமிடமும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இப்போது அதே தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி. போன வருஷம் கையெழுத்து வாங்க பங்களாவுக்குப் போனபோது, சுவரில் ராணுவ உடுப்போடு ஓர் இளைஞனின் படத்தைப் பார்த்தேன். துரையின் தம்பி என்றார் சமையல்காரர். படத்துக்கு அடியில் இரண்டு தேதிகள் இருந்தன. இறந்தது சண்டை நிற்பதற்கு இரண்டு வருஷம் முன்பு. பிறந்தது, பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதி. கையெழுத்து வாங்கிய காகிதத்தை மறந்து வெறுங்கையோடு படியிறங்கினேன். சமையல்காரர் பின்னாலேயே வந்து காகிதத்தைத் தந்தார்.

அன்று மாலை ஆபீஸ் அலமாரியிலிருந்து தங்கச்சி பிறந்த மாதத்துச் செக்ரோலை, பேர் போடும் அந்தப் பழைய ஏட்டை, எடுத்துப் புரட்டினேன். அப்பாவின் பெயருக்கு நேரே பதினொன்றாம் தேதிக் கட்டத்தில், பேர் விழவில்லை என்பதற்குச் சிவப்பு மையால் ஒரு கோடு. துரை சொல்லி அடித்ததா, சட்டம் சட்டம்தான் என்று கிராணியே அடித்ததா, தெரியாது.

தட்டு இரண்டு காரணத்துக்காக நிற்கும் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளை அழுதுவிட்டால் நிற்கும். இனி அழாது என்றாலும் நிற்கும். எதற்காக நின்றது என்று தெரியாதவரைக்கும் அப்பாவுக்கு ஒரு பிள்ளை இருந்தது. அதனால்தான் வாளியை அவ்வளவு நேரம் கழுவினார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கூலியில் எவ்வளவு பிடித்தார்கள் என்றே இத்தனை வருஷமாக அவர் கேட்டதில்லையாம். தங்கச்சி அடுப்படியில் யாரையோ சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம்புட்டுடா?" என்றார்.

ஐம்பது காசு.