சங்கரலிங்கத்தின் மாடி வெயில்

4-11-2004 கண்ணாடித் தொட்டி ரூ. 340
9-11-2004 வெள்ளைப் பொடி, ஒரு கிலோ, சொந்தக் கடைச் சரக்கு
11-11-2004 பிளாட்டினம், ஹக்கீம் இனாம்
28-12-2004 பன்னீர் திராட்சை, நாலு கிலோ ரூ. 60

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க, கம்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் செய்த செலவு இவ்வளவுதான். நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் வந்தார். பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு வினையூக்கியாம். தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் தண்ணீரைப் பிரிக்குமாம். துளி பிளாட்டினமும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்குமாம்.

"இருபத்தஞ்சு வருசமா இதைப் போயி சுவத்துல பூச வித்திருக்கேன்," என்றார்.

பிளாட்டினத்துக்கு அவர் நகைக்கடைக்குப் போகவில்லை. கூடலூரில் குமுளி ஜீப்புகளைப் பழுது பார்க்கும் ஹக்கீமிடம் போனார். எஞ்சினில் தீப்பொறி தரும் பாயிண்டை மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்றுதான் சொல்வார்கள். தேய்ந்தவை ஒரு டப்பா கிடைத்தது. அரத்தால் ராவித் தொட்டியில் போட்டார். அது டங்ஸ்டன் என்பது இருவருக்குமே தெரியாது.

வீட்டில் முழு வெயில் விழுவது மாடியில் மட்டும். அவர் மனைவி அக்கம்மாள் மிளகாய் காயப்போடுவதும் அங்கேதான். ஒரு மாதமாக ஒரு குமிழிகூட வராத தொட்டியை அக்கம்மாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு கெடு வைத்தார்.

"சூரியன் ஒங்களுக்கு மட்டுந்தேன் உதிக்குதோ? பொங்கலுக்குள்ள தீக்குச்சி காட்டி வெடிக்குதான்னு பாருங்க. வெடிச்சா மாடி ஒங்களுக்கு. இல்லாட்டி மொத்தமும் எனக்கு."

சங்கரலிங்கம் மதுரையில் ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: வினை நடக்கத் தன்னைப் பலிகொடுக்கும் பொருள் ஒன்று வேண்டும், சர்க்கரையும் ஆகும். திராட்சைக்குப் பேர்போன கம்பத்துக்காரர் சர்க்கரைக்கு வேறெங்கே போவார்? பன்னீர் திராட்சையைக் கழுவாமலே பிழிந்து ஊற்றினார். மூன்றாம் நாள் தொட்டி கொப்பளித்தது. ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

"ராத்திரியும் கொப்பளிக்குதே, அது எந்தச் சூரியன்?" என்றார் அக்கம்மாள்.

"அது பகல்ல குடிச்ச வெயிலு."

போகியன்று ஹக்கீமும் அக்கம்மாளின் தம்பி கர்ணனும் மாடிக்கு வந்தார்கள். குழாயில் சேர்ந்த வாயுவில் சங்கரலிங்கம் தீக்குச்சியைக் காட்டினார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"மாமா, தீயணைப்பு நிலையத்துக்கு வேணா குடுக்கலாம்," என்றான் கர்ணன்.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வாடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. திராட்சை புளித்துச் சாராயமாகியிருந்தது.

"அண்ணே, நான் இங்கன வரவே இல்ல," என்று ஹக்கீம் படியிறங்கினார்.

கர்ணன் தொட்டியைவிட்டு நகரவில்லை. "அக்கா, செரமப்படாத. நான் வெளிய கொண்டுபோயி ஊத்திருதேன்."

"எங்கன ஊத்துவ?"

அக்கம்மாளே சாக்கடையில் கவிழ்த்தார். பொங்கல் முடிந்த மறுநாள் மாடி முழுக்க மிளகாய்.

அந்த வாரமே மதுரையிலிருந்து கடிதம் வந்தது: ஹைட்ரஜன் இல்லை, ஆல்கஹால் இருக்கிறது, உறுதிசெய்ய மாதிரி போதவில்லை, இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பவும்.

மாடி மனைவி கைக்கு மாறிவிட்டது என்று சங்கரலிங்கம் எழுதிப் போட்டார்.

அம்மையாரிடம் ஒரு மூலையாவது கேட்டுப் பார்க்கும்படி பேராசிரியர் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 8-2-2005.