ஓணான் இருந்த விரதம்

மாசி மாதத்திலிருந்து மங்கையற்கரசி வீட்டில் மச்சச் சாப்பாடு இல்லை. யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்த தம்பி சண்முகலிங்கத்தின் தொலைபேசி நின்றுபோன கிழமை, அவள் முருகன் கோயிலுக்குப் போய் ஒரு நேர்த்தி வைத்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வரும்வரை மீன், இறைச்சி, முட்டை எதுவும் தன் வாசற்படி தாண்டாது.

புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் அந்த வாடகை வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். மகள் துர்க்கா பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. மூன்றாவது சீவன், அவள் மார்கழியில் நத்தாருக்கு வாங்கிவந்த, கழுத்தில் தாடிபோல முள் வைத்த தாடி ஓணான் குட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குச் சூட்டில் கல்லின்மேல் சாய்ந்து கிடந்து, வருவோர் போவோரை ஒரு கண்ணால் அளக்கும். அதற்கு உயிரோடு சில்வண்டுகள் வாங்கிப் போடுவது வழக்கம். நேர்த்தியோடு அதுவும் நின்றது.

"பூச்சியும் உயிர்தானே பிள்ளை. மாமா வரட்டும், பிறகு குடுப்பம்."

மாமாவின் பெயரைச் சொன்னபின் துர்க்காவும் பூச்சி வாங்குவதை விட்டுவிட்டாள். வகுப்பு முடிந்தால் அவள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுவாள். ஓணானின் சாப்பாடு தாய் தலையில் விழுந்தது. மங்கையற்கரசி குறை வைக்கவில்லை. ஸ்பினாச் கீரையைக் கழுவி, பொடிப்பொடியாக அரிந்து, ஒருநாள் தவறாமல் வைத்தாள். பிள்ளைகளுக்குச் சத்தென்று ஊட்டுகிற கீரை ஓணானுக்குக் கெடுதல் செய்யும் என்று யார் கண்டது?

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடியப்பா, உதுக்கும் விரதமோ? திருநீறையும் பூசி விடன்."

மே மாதம், யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன கிழமை, ஓணானின் முன்கால்கள் நடுங்கத் தொடங்கின. எழும்பப் பார்த்து வயிறடிபட விழுந்தது. துவாயில் சுற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினார்கள். அவர் மருந்து கொடுத்து ஆங்கிலத்தில் விளக்கியதைத் துர்க்கா தாய்க்குச் சொன்னாள்.

"வளருற வயசில உதுக்கு முக்கால்வாசி பூச்சிதான் சாப்பாடாம் அம்மா. ஸ்பினாச் ஒவ்வொரு நாளும் குடுக்கக்கூடாதாம், கல்சியத்தை உடம்பில சேர விடாதாம். கடுகுக்கீரை, பூசணி நல்லதாம். பூச்சியில கல்சியம் பவுடர் பிரட்டிக் குடுக்கோணுமாம்."

"பூச்சி குடுக்காட்டி?"

துர்க்கா ஓணானைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பேருந்தில்தான் வெடித்தாள். "நீங்கள்தானே அம்மா வேண்டாமெண்டனீங்கள்!"

"தப்பி வந்த சனத்தின்ர பேரை முகாமுகளில எடுக்கிற நேரம் பிள்ளை. இவ்வளவு நாள் காத்த நேர்த்தியை இப்ப முறிச்சு, மாமாவுக்கு ஏதும்..."

அன்றிரவு அவள் கண்மூடவில்லை. மறுநாள் வேலை. விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் பதினொரு வருடமாக அவள் செய்வது, தட்டுகளுக்குச் சீட்டு ஒட்டுவது. சைவத் தட்டு, சீனி சேராத சலரோகத் தட்டு, குழந்தைத் தட்டு. அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவரின் தட்டு இன்னொருவருக்குப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. அன்று ஒரு சைவச் சீட்டைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். பின்னால் நின்ற பெண் தோளில் தட்டிய பிறகுதான் ஒட்டினாள்.

வேலை விட்டதும் நேரே செல்லப்பிராணிக் கடைக்குப் போனாள். திரும்பும் வழியெல்லாம் மடியிலிருந்த சில்வண்டுப் பெட்டி கிரீச்சிட்டது. பேருந்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பெட்டியைக் கண்டதும் துர்க்கா திகைத்துப் போனாள். "அம்மா! நேர்த்தி?"

"நேர்ந்தது நான். உது எப்ப கோயிலுக்கு வந்தது? என்ர தட்டை உதுக்குக் குடுத்தது என்ர பிழை."

"முருகன் கோவிச்சால்?"

"நான் அவரோடயும் மனசுக்குள்ள கதைச்சுப்போட்டுத்தான் வந்தனான். நீ அந்தக் கரட்டை எடு."

"உவன் கரட் சாப்பிடான் அம்மா."

"உவனுக்கில்லை, பூச்சிக்கு. அது நல்லாச் சாப்பிட்டாத்தான் அதைத் தின்னுறவனுக்கும் சத்தாம், கடைக்காரன் சொன்னவன்."

"சாகப்போறதுக்கும் விருந்து வைக்கிறீங்கள், சீரியஸா அம்மா!" மூன்று மாதத்தில் துர்க்காவிடம் கேட்ட முதல் சிரிப்பு அது.

பூச்சிகளைக் கரட்டோடு ஒருநாள் விட்டு, மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். ஓணானின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கக்கூடாதென்று துர்க்கா பொறுக்கினாள். மங்கையற்கரசி மீனுக்கு மா பிரட்டுவதுபோல் வெள்ளைத் தூளைப் பிரட்டி, சின்ன இடுக்கியால் நீட்டினாள். ஓணான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவதையும் அது பார்க்கவில்லை. மூன்றாவது பூச்சி காலை உதறியபோது, ஓணானின் தலை மெல்லச் சரிந்தது. நாக்கு வந்து போனது. இடுக்கி வெறுமையாயிற்று.

இப்போது ஆனி மாதம். ஓணான் கல்லின்மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்துகிறது. நடுக்கம் முழுதாகப் போகவில்லை. சண்முகலிங்கத்தின் பெயர் இன்னும் எந்த முகாம் பட்டியலிலும் வரவில்லை. மங்கையற்கரசி பூசணிக்காயை வெட்டி, பாதியைத் தன் பருப்புச் சட்டிக்குள் போடுகிறாள், மீதியைப் பொடியாக அரிகிறாள். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கண்கள் அவளுடைய கையையே பார்க்கின்றன.

"பொறடா, வாறன். முதல்ல பூச்சி."