மண் இறங்கும் செய்தி

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் மண் பரிசோதனை என்று சொன்னால், உடனே ஒருவர் தன் தோட்டத்து மாமரம் ஏன் காய்ப்பதில்லை என்று ஆரம்பிப்பார். அந்த மண் இல்லை, ரோடு போடுகிற மண் என்றால் முகம் விழுந்துவிடும். "ரோட்டுக்கு மண்ணுல போய் இன்னா பாக்கறது? தார ஊத்தி ரோலர உட்டா முடிஞ்சிது" என்று என் சொந்தச் சித்தப்பாவே சொல்லியிருக்கிறார். அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், பண்டிகைக்குப் பண்டிகை பார்க்க வேண்டிய மனிதரிடம் அது எதற்கு.

ஆனால் கால்வாய்ப் பாலம் கட்டிய அந்த வருடம் ஒரு ஊரே என் மண்ணைப் பற்றிப் பேசியது. அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

கடற்கரைச் சாலையிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போக ஒரு புது நெடுஞ்சாலை. அது சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே கால்வாயைத் தாண்ட வேண்டும். பாலத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதன் தூண்கள் ஆழத்தில் கெட்டித் தரையில் நிற்கின்றன, அசையாது. என் கவலை எல்லாம் பாலத்துக்கு ஏறிப் போகிற மண்மேடு. அதன் அடியில் கிடப்பது கறுப்புக் களி. கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதன் தலையில் மேட்டை ஏற்றினால், களிக்குள் இருக்கிற தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும், மேடும் மெல்ல மெல்ல இறங்கும். இறங்கி முடிவதற்குள் அவசரப்பட்டுத் தார் போட்டால் சாலை அதன்பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும், பாலம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் படி விழும். பாலத்தில் ஏறும்போது வண்டி தடாலென்று தூக்கிப் போடுகிறதே, அது இந்தப் படிதான்.

அது வராமல் இருக்கத் தேவைக்கு மேலேயே மண்ணைக் குவித்து, களிக்குள் தண்ணீர் வெளியேறப் பட்டை பட்டையாக வடிகால்களைச் செருகி, மேட்டை அப்படியே உட்கார வைத்துவிடுவோம். வாராவாரம் எவ்வளவு இறங்கியது என்று அளப்போம். இறங்குவது அநேகமாக நின்றபிறகு அதிகப்படி மண்ணை எடுத்துவிட்டுச் சாலை போடலாம். நின்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அதுவரைக்கும் மேடு சும்மா கிடப்பது போலத்தான் தெரியும்.

சும்மா கிடக்கிற மண் என்றால் நம் ஜனங்கள் விடுவார்களா? மேட்டின் அடியிலேயே, கால்வாய்க்கு மேற்கில் ஒரு ஊர். வாசல் பள்ளமாக இருப்பவர்கள் எல்லாம் அன்னக்கூடையோடு வந்து அள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் ஜீப் டிரைவருக்கும் அதே ஊர். அவரிடம் சத்தம் போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானு சொன்னா எவன் மேடம் கேக்கறான்? நீங்களே குரூப்புல சொல்லிடுங்க" என்று என்னை ஊர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

மேடு சும்மா இல்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எழுதினேன். எவ்வளவு வேலை செய்தது என்று சனிக்கிழமைதோறும் எழுதினேன். ஒரு விரல் இறங்கியது, அரை விரல் இறங்கியது, அவ்வளவுதான். அள்ளுவது நின்றது. அதோடு போகவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஊரே அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. கொஞ்சம் தாமதமானால், "மேடம், இன்னிக்கு எறக்கம் இன்னாச்சி?" என்று வந்துவிடும். அதற்கு அவர்களே 'மண் இறங்கும் செய்தி' என்று பெயரும் வைத்தார்கள். என் வேலையை இத்தனை பேர் ஆவலாக விசாரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

அந்த ஆவலுக்கு ஒரு காரணமும் இருந்தது. டிரைவருக்கு சதுரங்கப்பட்டினத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பையனைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தைப் பிடித்திருக்கிறது, ஊரைத்தான் பிடிக்கவில்லை. மழை பெய்தால் கால்வாயின் பழைய தரைப்பாலம் முழுகிவிடும். அப்புறம் திருக்கழுக்குன்றம் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். "பாலம் தொறக்கட்டும், பொண்ண அனுப்பறேன். தண்ணில மாட்டிகினு என் பொண்ணு ஏன் முழிச்சிகினு கெடக்கணும்?" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இதற்கிடையில் செங்கல்பட்டிலிருந்து ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையும் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணிக்குள் பாலம் திறக்காவிட்டால் பெண் கை நழுவிவிடும் என்று டிரைவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பெண்ணையும் குழுவில் சேர்த்திருந்தார். வாராவாரம் என் செய்திக்கு அவள் ஒரு சிவப்பு இதயம் போடுவாள். களிமண்ணுக்கு இதயம் கிடைத்து நான் அங்கேதான் பார்த்தேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. இறக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. எனக்கு ஒரே குஷி. "இந்த வாரம் மிகவும் கொஞ்சமாகத்தான் இறங்கியிருக்கிறது" என்று எழுதினேன். குறைவது நல்லது, முடியப் போகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஊருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். குழுவில் ஒரு சத்தமும் இல்லை. ஊருக்கு அது இழவுச் செய்தி போல இருந்திருக்கிறது. மண் இறங்க மாட்டேன் என்கிறது, நம்ம பையன் கல்யாணம் போச்சு!

மறுநாள் காலை செங்கல்பட்டில் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒரு படம் வந்தது. டிரைவரின் தாய்மாமன் மேட்டின் மேல் டிராக்டரோடு, முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே, 'நம்ம ஊர் பங்கு'. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. கணவரை பைக்கை எடுக்கச் சொல்லி ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் திருவிழா. ஒரு பக்கம் இட்லியும் வடகறியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேட்டின் கால்வாய்ப் பக்க ஓரம் முழுக்க டிராக்டர் டிராக்டராகச் செம்மண். அதன் மேல் உடைந்த அம்மி, கிணற்று உறை, எரிந்துபோன கிரைண்டர், தென்னை அடிக்கட்டைகள். எடை என்று எது கிடைத்ததோ எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பெரியவர்கள் சிலர் வரிசையாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"நாங்களும் வெயிட்டுதாம்மா" என்றார் ஒருவர், ரொம்பப் பொறுப்பாக.

தாய்மாமன் ஓடி வந்தார். "நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க மேடம். மண்ணு சோம்பேறித்தனம் பண்ணிகினு கீது. இன்னும் நாலு லோடு அடிச்சா கம்முனு எறங்கிடும்."

அவருக்குப் பின்னால் மேட்டின் நெடுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரலை விட்டேன், உள்ளே போயிற்று. கீழே எட்டிப் பார்த்தேன். மேட்டடியில் தரை வயிறு மாதிரி உப்பியிருந்தது. இன்னும் ஏற்றினால் மேட்டின் அந்தப் பக்கமே சரிந்து கால்வாய்க்குள் போய்விடும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோடு.

அவர்களை இறக்கிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு பரிமாறிக்கொண்டிருந்த பெண்களிடமிருந்தே கொஞ்சம் கெட்டி வடை மாவு வாங்கி, உருட்டி, ஓரத்தில் கட்டை விரலால் அழுத்திக் காட்டினேன். பக்கத்தில் பிதுங்கியது. "நடுவுல மெல்ல அழுத்தினா அடங்கும். ஓரத்துல ஒரேயடியா அழுத்தினா இப்படித்தான். மண்ணு சோம்பேறி இல்ல. வேலைய முடிக்கப் போறதாலதான் மெதுவா இறங்குது."

எல்லோரும் மாவைப் பார்த்தார்கள். பிறகு வெடிப்பைப் பார்த்தார்கள். தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "டேய் மச்சான், எல்லாத்தையும் எறக்குங்கடா!"

ஏற்றியதைவிட இறக்கியது இன்னும் அமர்க்களமாக நடந்தது. பெண்கள் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றினார்கள். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனவரைப் பார்த்து விசில் அடித்தார்கள். நானும் கூடை வாங்கினேன், என் கணவரும் வாங்கினார். திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்ட முடியவில்லை. அடிப்பக்கம் உப்பிய இடம் மேலும் பிதுங்காமல் இருக்க அங்கே எடை வைத்து அணைத்தோம். சாயங்காலம் வெடிப்பு மேலும் அகலவில்லை. மேடு பிழைத்தது.

ஆவணி பிழைக்கவில்லை. கலங்கிய களி அடங்க வேண்டும். களிக்குள் தண்ணீரின் அழுத்தம் பார்க்க ஒரு குழாய் வைத்திருந்தோம், அது தணியும்வரை எதையும் தொடக் கூடாது என்று எங்கள் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆவணிக்குப் பின் புரட்டாசி, அதில் கல்யாணம் இல்லை. ஐப்பசி வந்தால் மழை. ஜீப்பில் போகும்போது ஒரு நாள் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒரே ஒரு கையெழுத்துதானே மேடம்."

"வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. காலையில் வழியில் நிறுத்தி நாஸ்தா சாப்பிடலாமா என்று கேட்பாரே, அதுவும் நின்றது. எனக்கு மனசு வலித்தது. கோபமும் வந்தது. அவரும் எத்தனை நாள் என்னோடு அந்தக் களியை மிதித்தவர்.

பெண்ணின் அப்பா ஒரு நாள் தன் ஆட்டோவிலேயே மேட்டுக்கு வந்துவிட்டார். ஊர் அடித்த கூத்து அவர் காதுக்கும் போயிருந்தது.

"இன்னும் எவ்ளோ நாளு ஆவும்?"

"தெரியாது" என்றேன்.

"படிச்சவங்க நீங்களே தெரியாதுன்னா இன்னா அர்த்தம்?"

"நான் இன்னைக்கே கையெழுத்துப் போட்டா ஆவணியிலயே கல்யாணம் வச்சிக்கலாம். அடுத்த மழைக்குப் பாலத்து வாயில படி விழும். பைக்குல பின்னாடி உக்காந்து வரப்போறது உங்க பொண்ணு."

அவர் மேட்டில் ஏறினார். வெடிப்பை மூடிய இடத்தில் நடந்து பார்த்தார், காலால் தட்டிப் பார்த்தார். ஓரத்துக்குப் போய்க் கால்வாயை எட்டிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று டிரைவர் ஜீப்புக்குப் பின்னால் ஒளியாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"தை வரிக்கும் பாக்கறேன்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு நாளு கெடியாது. ரயில்வே பையன் வூட்ல கேட்டுகினே கீறாங்க." கிளம்பும்போது தன்னையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொன்னார்.

ஐப்பசி மழை எங்கள் பொறுமையைச் சோதித்தது. தரைப்பாலம் முழுகியது. மேட்டில் ஏறித் தார்ப்பாய்க்குக் கீழே நின்று அளவெடுத்தோம். பெண் குழுவில் கேட்டாள்: "மேடம், மழை தண்ணியும் வெயிட்டா?" ஊரில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அதற்குப் பதில் எழுத எனக்கு வீடு திரும்பும் ஜீப் பயணம் முழுக்கத் தேவைப்பட்டது. அதற்கும் இதயம் போட்டாள்.

கார்த்திகையில் ஒரு வாரம் அளந்ததும் போன வாரத்து அளவும் ஒன்றாக இருந்தன. நம்பாமல் மறுபடி அளந்தேன். அடுத்த வாரமும் அதேதான். அழுத்தம் பார்க்கும் குழாயிலும் தண்ணீர் தணிந்துவிட்டது. அங்கேயே மேட்டின் மேல் நின்று கையெழுத்துப் போட்டேன். ஜீப்பில் ஏறியதும் டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாஸ்தா துன்னுட்டு போலாமா மேடம்?" என்றார்.

மார்கழி முழுக்க அதிகப்படி மண்ணை வழித்தெடுத்து, ஜல்லி போட்டு, ரோலர் ஓட்டி, தார் போட்டார்கள். தை பிறந்ததும் பாலம் திறந்தது. அந்த மாதமே கல்யாணம். பெண் அழைப்புக்கு நானும் சதுரங்கப்பட்டினத்துக்குப் போக வேண்டும் என்று டிரைவர் கட்டாயப்படுத்திவிட்டார்.

வேனில் மூச்சு விட இடமில்லை. பெண் என் பக்கத்தில். எதிரில் முதுகைப் பாதைக்குக் காட்டிக்கொண்டு அவள் அப்பா, மடியில் சீர்த்தட்டு, அதன் மேல் நிறைகுடம். "பாலம் வந்தா சொல்லுங்க மேடம், கெட்டியா புடிச்சிக்கணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அதன்பிறகு பூ யார் வீட்டுப் பொறுப்பு என்று பெண்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள், அவர் தட்டைப் பிடித்துக்கொண்டே பஞ்சாயத்துப் பண்ணினார்.

வேன் திரும்பி மேட்டில் ஏறியது. அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பாலத்து வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். குடத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அலுங்கவில்லை. கால்வாய் கீழே போயிற்று. அந்தப் பக்கத்து வாயும் வந்தது. ஒன்றுமே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

ஊர் மேளம் கேட்க ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா சண்டையை விட்டு நிமிர்ந்தார். தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், பாலம் இன்னும் வர்லியா?"

"தாண்டிட்டோம்பா" என்றாள் பெண்.

அவர் என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார்.