பிரிஜட் தட்டிய நேரம்

பிரிஜட்டின் கைக்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தியே ஓடும். காலைப் பூசைக்குப் பிந்திவிடக் கூடாது என்று அவளே திருகி வைத்தது. யாராவது மணி கேட்டால் யோசிக்காமலே பத்தைக் கழித்துச் சொல்வாள். செம்பவாங் கப்பல் பட்டறையின் நேரப்பதிவு அறையில் எட்டு வருடம் அவளோடு குப்பை கொட்டியவள் நான். ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை.

எண்பத்தைந்தில் எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த ஜோரில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். காலையில் திறந்ததும் அந்தச் சனியன் மணி என்ன என்று திரையில் கேட்கும், பிரிஜட் தட்டுவாள். அதன்பிறகு தொழிலாளி தன் எண்ணைச் சொன்னால் போதும், வந்த நேரத்தை அதுவே பதிந்துகொள்ளும். ஏழரையைத் தாண்டினால் லேட். ஒரு மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் வேலை பெர்மிட் ரத்து, ஊருக்கு டிக்கெட்.

கிராஞ்சி விடுதியிலிருந்து லாரியில் வருகிறவர்களில் மருதப்பனுக்கு ஒரு கால் இழுக்கும். கடைசியாக இறங்கி, வரிசையிலும் கடைசியாக நிற்பான். மூன்றாவது லேட் விழுந்த அன்று பிரிஜட்டுக்குப் பொறுக்கவில்லை.

"லாரி நேரத்துக்குத்தான்லா வருது, கதீஜா! மெஷின்தான் ஃபாஸ்டா ஓடுது," என்று சண்டை போட்டு மெக்கானிக்கை வரவழைத்தாள். சுப்பிரமணியம் வந்து, நேரம் சொல்லும் எண்ணுக்குப் போன் போட்டு ஒப்பிட்டார். காலையில் பத்து நிமிடம் அதிகம். மத்தியானமும் அதே பத்து.

"ஓட்டம் கெட்டிருந்தா வித்தியாசம் ஏறிக்கிட்டே போகணும். மெஷின் ஓகே லா. காலையில டைம் தட்டுறது யாரு?"

பிரிஜட் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆள் கேட்டால் கழிக்கிறவள், பெட்டி கேட்டதும் கண்ணில் பட்டதை அப்படியே தட்டியிருக்கிறாள். பாவி!

மேனேஜர் ஜார்ஜிடம் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"பெர்மிட் ரத்து லெட்டர் போயாச்சு, நாளைக்கு அவனுக்கு ஃபிளைட். கம்ப்யூட்டர் நேரம் தப்புன்னு நான் எழுதினா முதல்ல போறது உங்க வேலை. உங்க வீட்டுக்காரரும் வேலையில்லாம இருக்கார். பேசாம போய் உட்காருங்க."

புக்கிட் பாத்தோக்கில் தவணை கட்டும் வீடு, இரண்டு பிள்ளைகள். பிரிஜட் வந்து உட்கார்ந்தாள். "மேலிடத்துல சொல்லலாம், நீ கூட வர்றியா கதீஜா?" என்றாள். நான் ஃபைலைப் புரட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சாயங்காலம் மருதப்பன் பூட்ஸையும் ஹெல்மெட்டையும் ஒப்படைக்க வந்தான்.

"தப்பு என்னுதுதான்க்கா. இன்னும் கொஞ்சம் வெரசா நடந்திருக்கணும்."

பிரிஜட் பூட்ஸை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள்.

"லாரி அஞ்சு மணிக்கு. இப்ப மணி என்னக்கா?"

அவள் கடிகாரம் ஐந்தைக் காட்டியது.

"நாலு ஐம்பது," என்றாள், யோசிக்காமலே.

"அப்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்று அவன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த இழுக்கிற காலை நீவிக்கொண்டிருந்தான்.