ஃபேஸ் பேக் காயும் வரை

போன வருடம் நவராத்திரிக்குச் சற்று முன்னால் நடந்தது இது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், வாசலில் கனமான திரை. அந்தத் திரையைத் தாண்டி ஆண்கள் வரக் கூடாது. என் கணவரே காபி கேட்க வேண்டுமென்றால் சமையலறைப் பக்கமாகத்தான் சுற்றி வர வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு பெண் வருவாள். கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர்மரத்தடியிலேயே காத்திருப்பார். 'பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம், பாருங்கள்' என்று என் வீட்டுக்காரரைக் குத்திக் காட்டியிருக்கிறேன். உள்ளே வந்ததும் அவள் முதலில் கேட்பது, "எவ்ளோ நேரம் ஆகும்க்கா?" என்றுதான். நடுவில் இரண்டு தடவையாவது போன் அடிக்கும்.

ஒரு நாள் ஃபேஷியலுக்காகக் கழுத்தில் கை வைத்ததும் துடித்துவிட்டாள். முடியை ஒதுக்கிப் பார்த்தால் விரல் விரலாகக் கன்றிப் போயிருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். எந்த ஊர்க் கதவுக்கு ஐந்து விரல் இருக்கிறது? எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பியேவிட்டேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்க்கா, வீட்ல பொண்ணு இருக்கா" என்று கெஞ்சினாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் குடும்பங்களுக்கு உதவும் மையம் ஒன்று அடையாறில் இருக்கிறது. பார்லர் நடத்துகிறவர்களையும் தையல்காரர்களையும் அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். சமோசாவுக்காகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பேசிய ஆலோசகர் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"நீங்க கேட்டுட்டு உள்ள வந்துடுவீங்க. வீட்டுக்குப் போய் அடி வாங்கப் போறது அவங்க" என்றார். "அவங்களுக்குச் சம்மதம்னா, நானே உங்க கஸ்டமரா வரேன்."

அடுத்த முறை அவளிடம் மெதுவாகக் கேட்டேன். வாசல் திரையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

நாத்தனார் கல்யாணம் நெருங்கியதால் அவள் அடிக்கடி வருவதில் கணவருக்குச் சந்தேகம் வரவில்லை. மனைவி பளபளவென்று நிற்பது அவருக்குக் கௌரவமாம். அவள் கட்டிலில் படுத்திருக்க, பக்கத்து நாற்காலியில் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு ஆலோசகர். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பேக் போட்டால் காயும் வரை பேசக் கூடாது, விரிசல் விடும். அவள் பேசினாள், அழுதாள். பேக் முழுக்க விரிசல் விட்டு, கண்ணீர் பட்ட இடமெல்லாம் கரைந்தது. நான் மறுபடி மறுபடி பூசினேன். போன் அடித்தால், "இன்னும் காயல சார்" என்று நானே குரல் கொடுத்தேன்.

ஆலோசகரும் எதையாவது செய்துகொள்ள வேண்டாமா? வரும்போதெல்லாம் புருவம் திருத்தினேன். பாவம், கடைசியில் நூலில் சிக்க முடியே இல்லை.

எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. "இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க மேடம்" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இத்தனை வருஷமா எல்லாத்தையும் அவர்தான் முடிவு பண்ணாரு. இப்ப நாமளும் அதையே பண்ணணுமா?" நான் திரும்பவும் பேக்கைக் கலக்க ஆரம்பித்தேன்.

மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம். தங்க இடமும் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் உறுதியான பிறகு ஒரு நாள், "ரெடிக்கா" என்றாள்.

சொன்னபடி மகளையும் முடி வெட்டக் கூட்டி வந்தாள். சமையலறை வழியாக இருவரும் பின்தெருவுக்குப் போனார்கள். அங்கே ஆட்டோவோடு ஆலோசகர். நான் ஆளே இல்லாமல் ஹேர் டிரையரை ஓடவிட்டபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரை அசைந்தது.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க உள்ள? அவள வரச் சொல்லு!"

நான் டிரையரை இன்னும் வேகமாக வைத்தேன். அன்று தலைக்கு டை போட்டுக்கொண்டு இன்னொரு நாற்காலியில் இருந்தவர் மயிலாப்பூர் மாமி ஒருவர். என் பழைய வாடிக்கையாளர். வாரக்கணக்கில் இத்தனையையும் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"யாருய்யா அது, திரையைத் தொடறது? பொம்மனாட்டிகள் டை போட்டுண்டு உக்காந்திருக்கோம், வெக்கமா இல்லையா? தள்ளி நில்லும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்த ஆள் பின்வாங்கினான். ஆலோசகர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த பெண் போலீசார் சிறிது நேரத்தில் வந்து, அவனைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார்கள். மாமி தாழ்ந்த குரலில் கேட்டார்: "கொழந்தையும் அவளும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டாளோ?"

இந்த வருடம் சித்திரையில் அவள் பறக்கும் ரயிலில் தனியாக வந்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வேலைக்குப் போகிறாள். மகள் புதுப் பள்ளியில் பாட்டுப் போட்டியில் பாடினாளாம். பழக்க தோஷத்தில், "சீக்கிரம் முடிச்சிடறேன்மா" என்றேன். "மெதுவாப் பண்ணுங்கக்கா" என்றாள். பேக் போட்டதும் அப்படியே தூங்கிப்போனாள். ஒரு விரிசல்கூட இல்லாமல் காய்ந்தது. அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போதும் யாராவது உள்ளே நுழைந்ததும் 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்டால், நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.