கட்டி முடித்த கடனின் ஒரிஜினல்

கடன் ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்க்கப் போகிறவருக்கு டொச் என்கிற ஜெர்மனும் தமிழும் தெரிந்தால் போதாது, எதைக் கேட்டாலும் முகம் மாறாமல் இருக்கவும் தெரிய வேண்டும். சுவிஸின் ஓர்லிகோனில் செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் எனக்கு அந்த வேலை. பக்கத்தில் ரெகுலா என்ற சுவிஸ் ஆலோசகர், எதிரே எங்கள் ஆட்கள். பெட்ரைபுங் என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பாதிப் பேருக்காவது பட்டே தெரிந்திருக்கும். அறியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன்: இன்னார் எனக்குக் காசு தரவேண்டும் என்று ஒருவர் அரச அலுவலகமான கடன் கந்தோரில் பதிந்தால் அதுதான் பெட்ரைபுங். அந்தப் பதிவுக் கடதாசியைப் பார்த்துத்தான் இங்கே வீடு தருவார்கள், சில இடங்களில் வேலையும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், யார் எவர் என்று மூளையைக் கசக்க வேண்டாம்.

பஸ் பிடித்து ஓடியவர்

ஷாஃப்ஹவுசனில் துப்புரவு வேலை செய்யும் பத்மா அக்கா, பல் வைத்தியரின் பில் ஒன்றை மறந்துபோனதால் பெட்ரைபுங் வாங்கினார். தபால்காரர் வாசலில் கையெழுத்து வாங்குவதை மேல்வீட்டுப் பெண் வேறு பார்த்துவிட்டாளாம். மானம் போகிறதே என்று அன்றைக்கே பஸ் பிடித்துப் போய் முழுக் காசையும் கட்டிவிட்டு வந்தார். மூன்று வருடம் கழித்து வீடு மாறுவதற்குப் பதிவுக் கடதாசி எடுத்தால், அந்த வரி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கட்டியாயிற்று என்று ஒரு குறிப்பு மட்டும்.

கட்டினாலும் ஐந்து வருடம் அது நிற்கும் என்று ரெகுலா விளக்கினார். காசு வாங்கியவரே பதிவைத் திரும்ப எடுத்தால்தான் மறையும், அதைக் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இப்போது ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தபிறகு அக்கா கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் என்னத்துக்கு அண்டைக்கு அப்பிடி விழுந்தடிச்சு ஓடினனான்? ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிருக்கலாமே."

பதினோராவது பொருத்தம்

ஒருநாள் ஒரு தகப்பன் வந்தார். அவருக்குக் கடன் கிடையாது. மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் சாதகத்தோடு பதிவுக் கடதாசியையும் கேட்டு வாங்கியிருந்தார், அதை நாங்கள் படித்துச் சொல்ல வேண்டுமாம். பத்துப் பொருத்தத்தையும் ஐயர் பார்த்துவிட்டார், இது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. மற்றவரின் கடதாசியைப் படித்துப் பலன் சொல்வதில்லை என்று ரெகுலா மறுத்தார். ஆனால் லீசிங் காருக்குத் தவணை பாக்கி என்ற வரியை மனுஷர் ஏற்கெனவே தானாக எழுத்துக்கூட்டி வாசித்திருந்தார்.

"செவ்வாய் எண்டால் ஒரு பரிகாரம் செய்யலாம், தங்கச்சி. காருக்கு எந்தக் கோயிலுக்குப் போறது?"

ஏழு வரி

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை. யோகநாதன் அண்ணை இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். முன்பு அதே ஊரில் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்து நொடித்துப் போனவர். கந்தோர் அவருடைய சம்பளத்தில் பிடித்துப் பார்த்தது, போதவில்லை. மீதி இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று, கடன் கொடுத்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு நட்டச் சான்று எழுதிக் கொடுத்தது. இந்த நாட்டில் கடையை மூடலாம், கடனை மூட முடியாது. அந்தச் சான்று இருபது வருடம் செல்லும்.

அவர் ஹோட்டல்காரர் கொடுத்த அறையில் படுக்கிறார். மனைவி சுஜாதாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஓர்லிகோனில் சுஜாதாவின் தங்கை வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒருநாள் லீவில் ரயில் ஏறி வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். கேட்ட வீடெல்லாம் கை நழுவிப் போனது, ஏனென்றால் பதிவுக் கடதாசியில் ஏழு வரியும் கட்டாத கடனாகவே நின்றன. கடைசிக் கடனைக் கட்டி இரண்டு வருடமாகிறது என்று அவர் சத்தியம் செய்தார். இப்போது ஓர்லிகோனிலேயே ஒரு வீடு சரிவரும்போல இருந்தது, அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான கடதாசி கொடுக்க வேண்டும். கட்டியதற்கு இருக்கிற எல்லாவற்றையும் அடுத்த செவ்வாய் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ரெகுலா என் பக்கம் திரும்பினார்.

"இவர் எல்லாருக்கும் கட்டிவிட்டார் என்று நான் நம்புகிறேன். கந்தோருக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை."

பிளாஸ்டிக் உறைக்குள்

அடுத்த செவ்வாய் புருஷனும் மனைவியுமாக வந்தார்கள். அண்ணை பைலைத் திறந்தார். ஏழு நட்டச் சான்றும் ஒரு மடிப்பு, ஒரு கறை இல்லாமல் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தன. காசு முழுதும் கிடைத்தது என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்த ஒரிஜினல்கள். ரெகுலா தலையில் கைவைத்துக்கொண்டார். நட்டச் சான்று சாதாரணப் பெட்ரைபுங் வரிபோலக் கட்டியபிறகும் ஐந்து வருடம் நிற்காது, இவற்றை அப்போதே கந்தோரில் ஒப்படைத்திருந்தால் ஏழு வரியையும் அப்போதே அழித்திருப்பார்கள், நாளைக்குக் காலையே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணை பைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாட்டைவிட்டு வரும்போது பிறப்புப் பத்திர ஒரிஜினலை ஏஜென்சிக்காரன் கையில் கொடுத்தாராம், அது திரும்பி வரவேயில்லை. பிறகு இங்கே வந்து தன் பெயர் தன்னுடையதுதான் என்று காட்ட நாலு வருடம் அலைந்தாராம். அதைச் சொல்லும்போது அவருடைய கை உறைகளை எண்ணிக்கொண்டே இருந்தது.

"கொப்பி எத்தினை வேணுமெண்டாலும் எடுங்கோ. ஒரிஜினலை மட்டும் கேக்காதேங்கோ, பிள்ளை."

சீலைக்குக் கீழே

மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது, அது எங்கள் தொழிலின் முதல் விதி. அன்றைக்கு அதை மீறினேன். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. என் வீட்டிலும் இருபது வருடப் பழைய விசாக் கடிதங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன, அதனால் அவருடைய பயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை நமக்காகக் காத்திருக்காது. அண்ணை, உது உங்களிட்ட இருக்குமட்டும் கந்தோர் கணக்கில கடன் இருக்கு, குடுத்தால்தான் போகும், ஒவ்வொண்டுக்கும் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கோ என்று ஒரே மூச்சில் சொன்னேன். என்ன கதைத்தேன் என்று ரெகுலா கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த சுஜாதா கையை நீட்டிப் பைலை எடுத்தாள். ஹோட்டல் அறைக்குப் பூட்டு இல்லையென்று பைலை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ரெண்டு வருஷமா இதை என்ரை சீலையளுக்குக் கீழ வச்சுப் பூட்டிப்போட்டு, வீடு கிடைக்கவேணுமெண்டு விரதம் பிடிச்சனான்."

கந்தோர் வாசலில்

புதன்கிழமை காலை அண்ணை போய் ஏழு சான்றையும் கொடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம் கந்தோர் வாசலில் நின்று எனக்குப் போன் எடுத்தார். கடதாசியில் இப்போது ஒரு பதிவும் இல்லை, வெள்ளைத்தாள்போல இருக்கிறதாம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் குரலில் ஒரு தயக்கம். வீட்டுக்காரருக்கு இதன் ஒரிஜினலைத்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"சரி, குடுக்கிறன். அப்பிடிக் கேட்பினமெண்டு தெரிஞ்சுதான் காசு கட்டி ரெண்டு ஒரிஜினல் எடுத்தனான்."

வீடு கிடைத்துவிட்டது, ஏழு கடனையும் அடைக்க யோகநாதன் அண்ணைக்குப் பதினொரு வருடம் போனது, அடைத்ததைப் பத்திரமாகப் பூட்டி வைத்ததற்கு அந்தக் குடும்பம் மேலும் இரண்டு வருடம் வட்டி கட்டியது.